திரையிலிருந்து குழந்தைக்கு எது போய்ச் சேர்கிறது?

மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒன்றை டிவி முன் உட்காரவைக்கிறார்கள். டிவிக்குப் பக்கத்தில் சற்றுச் சாய்வாக இன்னொரு சிறிய திரை. அதில் ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை ஒரு வண்ணப் படம் மாறிக்கொண்டே இருக்கிறது. டிவியில் எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் நிகழ்ச்சி ஓடுகிறது. குழந்தையின் கண் எப்போது டிவியில் நிற்கிறது, எந்த இடத்தில் பக்கத்துப் படத்துக்கு நழுவுகிறது என்று ஒருவர் விடாமல் குறித்துக்கொள்கிறார். 1969-இல் அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி தயாரானபோது, அதன் ஆய்வுப் பிரிவை நடத்திய எட்வர்ட் பால்மர் பயன்படுத்திய முறை இது. எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் பிடித்த காட்சியாக இருந்தாலும், பல குழந்தைகளின் கண் ஒரே இடத்தில் நழுவினால் அந்த இடத்தைத் திருத்தினார்கள், அல்லது தூக்கி எறிந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் பிலடெல்ஃபியாவில் ஐந்து மாதிரி எபிசோடுகளைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. கைப்பாவைகள் வரும் காட்சிகளில் கண்கள் ஒட்டிக்கொண்டன. நிகழ்ச்சியின் களமான தெருவில் மனிதர்கள் நின்று பேசும் காட்சிகளில் கவனம் சரிந்தது. கற்பனைப் பாத்திரங்களையும் நிஜ மனிதர்களையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று உளவியல் வல்லுநர்கள் எச்சரித்திருந்ததால்தான் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். குழந்தைகள் காட்டிய முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. உடனே பிக் பேர்ட், ஆஸ்கர் என்ற இரண்டு பாவைப் பாத்திரங்களை உருவாக்கித் தெருவுக்குள்ளேயே நடமாட விட்டார்கள். நவம்பர் 10 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. அந்த நிகழ்ச்சிக்கு அடையாளமாகிப் போன பாத்திரங்கள் இப்படி ஒரு பரிசோதனையின் தோல்வியிலிருந்து வந்தவை.

கவனத்தைப் பிடிப்பது பாதி வேலைதான். பார்ப்பது வேறு, எடுத்துக்கொள்வது வேறு. பெற்றோரும் ஆசிரியர்களும், நிகழ்ச்சி தயாரிப்பவர்களில் பலரும் சறுக்கும் இடம் இதுவே. ‘கண்ணை எடுக்காமல் பார்க்கிறான், அதனால் நல்ல நிகழ்ச்சி’ என்ற கணக்கு தப்பு. 1979-இல் எலிசபெத் லார்ச், டேனியல் ஆண்டர்சன் குழுவினர் ஐந்து வயதுக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஒரே நிகழ்ச்சியைக் காட்டினார்கள். ஒரு பிரிவின் அறையில் பொம்மைகள் இருந்தன, மற்றதில் இல்லை. பொம்மை இல்லாதவர்கள் நேரத்தில் 87 சதவீதம் திரையைப் பார்த்தார்கள். பொம்மையோடு இருந்தவர்கள் 44 சதவீதம்தான். பிறகு கேள்வி கேட்டபோது இரண்டு பிரிவும் சமமாகவே புரிந்துகொண்டிருந்தன.

பாதி நேரம் பார்த்த குழந்தைக்கு எப்படி அதே அளவு புரிந்தது? அது காதால் நிகழ்ச்சியைப் பின்தொடர்ந்தபடி விளையாடுகிறது. தனக்குரிய இடம் வருகிறது என்று ஒலி காட்டிக்கொடுக்கும்போது தலையைத் தூக்குகிறது. குழந்தைக் குரல், பெண் குரல், விசித்திரமான குரல் கேட்டால் நிமிரும். வளர்ந்த ஆணின் நீண்ட பேச்சு வந்தால் பொம்மைக்குத் திரும்பும். ஷாட்டுகளின் வரிசையைக் குலைத்தோ பேச்சைத் தலைகீழாக ஓட்டியோ காட்டினால், அதே படங்கள் இருந்தும் குழந்தைகள் பார்ப்பது குறைகிறது. அதாவது, புரிவதால் பார்க்கிறார்கள். குழந்தை விளையாடிக்கொண்டே பார்த்தால் ‘ஒழுங்காக உட்கார்ந்து பார்’ என்று அதட்டத் தேவையே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பார்வை எவ்வளவு நேரம் நீடித்ததோ அவ்வளவுக்கு அது மேலும் நீடிக்கும், காட்சி மாறினாலும்கூட. நிறுத்தச் சொல்லும்போது வரும் அழுகைக்கு இதில் பங்கு இருக்கிறது. எபிசோடு நடுவே அணைக்காமல், கதை முடியும் இடத்தில் அணைத்தால் பாதிச் சண்டை குறையும். அடுத்த எபிசோடு தானாக ஓடும் வசதியை முதலிலேயே முடக்கிவிட வேண்டும். அது அந்த முடியும் இடத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இரண்டு வயதுக்கு முன்

மேலே சொன்னதெல்லாம் மூன்று வயதைத் தொட்டவர்களுக்கு. இரண்டு வயதுக்குக் கீழே கதையே வேறு. ஜூடி டெலோச், ஜார்ஜீன் ட்ரோசெத் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைக்கிறார்கள். அதைச் சில குழந்தைகள் சன்னல் வழியாகப் பார்க்கிறார்கள், சிலர் டிவியில் பார்க்கிறார்கள். பிறகு போய்த் தேடச் சொல்கிறார்கள். சன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய எப்போதும் கண்டுபிடித்தார்கள். டிவியில் பார்த்தவர்கள் பாதி தடவைகூடச் சரியாகப் போகவில்லை. இரண்டரை வயதில் பெரும்பாலானோருக்கு அது கைகூடிவிட்டது. திரையில் தெரிவது தன்னைச் சுற்றியுள்ள உலகத்தைப் பற்றிய செய்தி என்பதே குழந்தை தனியாகக் கற்க வேண்டிய ஒன்று.

மொழியிலும் அப்படித்தான். பட்ரீஷியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 9, 10 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் சீனமொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவாகக் காட்டியபோது எதுவும் ஒட்டவில்லை. எதிரே இருப்பவர் குழந்தையின் பார்வைக்கும் முனகலுக்கும் ஏற்பப் பதில் கொடுப்பது இங்கே முக்கியம் என்று தெரிகிறது. 24 முதல் 30 மாத வயதினரிடம் 2014-இல் வெளியான சோதனை இதற்கு வலுச்சேர்க்கிறது: வீடியோ காலில் தன்னோடு பேசியவரிடமிருந்து அவர்கள் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள், இன்னொரு குழந்தையோடு நடந்த உரையாடலின் பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதையும் பாட்டு வீடியோ ஓடவிடுவதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கைக்குழந்தைகளுக்குச் சொல் கற்றுத்தருவதாக விற்கப்படும் வீடியோக்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 12 முதல் 18 மாதக் குழந்தைகள் அப்படி ஒரு வீடியோவை நான்கு வாரம் வீட்டில் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது. வீடியோவே பார்க்காமல், அதே சொற்களை அம்மா அப்பா அன்றாடப் பேச்சில் சொல்லக் கேட்ட குழந்தைகளே அதிகம் கற்றார்கள். வீடியோவைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்ன பெற்றோரோ, குழந்தை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த வழிகாட்டுதலின்படி இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

கதையும் பாடமும்

மூன்று வயதுக்கு மேல், நல்ல நிகழ்ச்சி உண்மையிலேயே கற்றுத்தரும். எது நல்ல நிகழ்ச்சி என்று எப்படி அறிவது? ஆய்வாளர் ஷாலோம் ஃபிஷ் 2000-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் கைகொடுக்கிறது. குழந்தையின் மனதில் ஒரு நேரத்தில் தங்கும் இடம் கொஞ்சம்தான். கதையைப் பின்தொடரவும் அதே இடம், பாடத்தைப் புரிந்துகொள்ளவும் அதே இடம். இரண்டும் தனித்தனியாக ஓடினால் ஒன்றோடொன்று போட்டிபோடும், வெல்வது கதைதான்.

ஒரு முயல் ஓநாயிடமிருந்து ஓடுகிறது என்று வையுங்கள். நடுவில் கதையை நிறுத்திவிட்டு எண்கள் வந்து ஆடிப்பாடிப் போகின்றன. பிறகு ஓட்டம் தொடர்கிறது. குழந்தைக்கு ஓநாய் நினைவிருக்கும், எண் நினைவிருக்காது. மாறாக, ஓடையைத் தாண்ட ஐந்து கல் வேண்டும், முயலிடம் மூன்றுதான் இருக்கிறது என்றால், இன்னும் எத்தனை வேண்டும் என்பதே கதையின் முடிச்சாகிவிடுகிறது. கதையைத் தொடர்வதற்குச் செலவாகும் உழைப்பு பாடத்துக்கும் சேர்ந்தே செலவாகிறது. ஆகவே நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது: பாடத்தை உருவி எடுத்துவிட்டால் கதை அப்படியே நிற்குமா? நின்றால் பாடம் ஒட்டுத்துணிதான்.

எழுத்து சொல்லித்தரும் காட்சிகளில் இதே தவறு சிறிய அளவில் நடக்கிறது. எழுத்து திரையின் மூலையில் அசையாமல் இருக்கும், நடுவில் பூனை குதிக்கும். அசைவது எதுவோ அதன் மேல்தான் கண் போகும். எழுத்தே அசைய வேண்டும், வளர வேண்டும், பூனை வேடிக்கை பார்க்க வேண்டும். எழுத்து வரையப்படும்போது கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும் வேகம் வேண்டும். பளிச்சென்று முழுதாக வந்து விழும் எழுத்து, எழுதுவதைப் பற்றி எதுவும் சொல்லித்தராது. தமிழ் எழுத்துகளைச் சொல்லித்தரும்போது ன-ண, ர-ற போன்ற இணைகளை ஒரே காட்சியில் அறிமுகம் செய்வது குழப்பத்தை விதைப்பது. ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே மற்றது வரவேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் கார்ட்டூன் வாய் உதவாது. வரைந்த வாய் மேலும் கீழும் திறந்து மூடுகிறதே தவிர, நாக்கு எங்கே போகிறது என்று காட்டுவதில்லை. அந்த இடத்தில் ஒரு மனித முகத்தின் அண்மைக் காட்சி வேண்டும், மெதுவாக, இரண்டு மூன்று தடவை.

நல்லொழுக்கம் சொல்லும் கதைகள்தான் மிகவும் வழுக்கும். மூன்று கால் நாயைக் கண்டு மற்ற நாய்கள் முதலில் பயந்து ஒதுங்குவதாகவும் கடைசியில் நட்பாவதாகவும் ஒரு கார்ட்டூன் எபிசோடு. வித்தியாசமானவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பாடம். மேரி-லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா இருவரும் அதை ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டிக் கேட்டபோது பெரும்பாலானோருக்கு அந்தப் பொதுப்பாடம் போய்ச் சேரவில்லை. பாடம் நாயைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். பயக் காட்சிகளை வெட்டியெடுத்த பதிப்பு நன்றாகப் புரிந்தது. காரணம் எளிது. தவறான நடத்தையைப் பல நிமிடம் சுவையாகக் காட்டிவிட்டு, திருத்தத்தைக் கடைசி அரை நிமிடத்தில் வாய்ச்சொல்லாக முடித்தால், மனதில் நிற்பது தவறுதான்.

‘செசமி ஸ்ட்ரீட்’ குழுவே 1992-இல் இதில் அடிபட்டது. ஸ்னஃபி என்ற பாத்திரத்தின் பெற்றோர் மணவிலக்குப் பெறுவதாக ஒரு எபிசோடு எடுத்தார்கள். கவனமாக எழுதியது, வல்லுநர்கள் பார்த்தது. ஆனால் சோதனைக் காட்சியில் குழந்தைகள் கலங்கினார்கள்; சண்டை வந்தாலே அம்மா அப்பா பிரிந்துவிடுவார்களோ, பிள்ளை மேல் அன்பு போய்விடுமோ என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்த எபிசோடை ஒளிபரப்பாமலே கைவிட்டார்கள். அந்தத் துணிச்சல் பாராட்டுக்குரியது. அதே குழு 1983-இல் இன்னும் கடினமான பொருளைச் சரியாகக் கையாண்டிருந்தது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்துவிட, பாத்திரமும் இறந்ததாகவே சொன்னார்கள். ‘தூங்குகிறார்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ போன்ற மழுப்பல் இல்லை. இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்று நேராகச் சொன்னார்கள். சிறு குழந்தை சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். உவமையாகச் சொன்னால் உவமையையே நம்பும்.

கேள்விக்குப் பின் எவ்வளவு மௌனம்?

1996-இல் தொடங்கிய ‘புளூஸ் குளூஸ்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி இரண்டு விஷயங்களைத் துணிந்து செய்தது. திரையில் இருப்பவர் கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்லும் அளவுக்கு உண்மையாகவே காத்திருந்தார். ஒரே எபிசோடு வாரத்தில் ஐந்து நாளும் ஓடியது. பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் இந்த ஏற்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தியது. ஐந்து தடவை பார்த்தவர்களுக்குப் புரிதல் கூடியது. கூடவே, திரையோடு சேர்ந்து உரக்கப் பதில் சொல்வதும் சுட்டிக்காட்டுவதும் கூடின. முதல் தடவை குழந்தை கதையைக் கண்டுபிடிக்கிறது. அடுத்தடுத்த தடவைகளில்தான் விடைக்கு இடம் கிடைக்கிறது. ‘அதையே எத்தனை தடவை பார்ப்பாய்?’ என்று கடிந்து புதிதாக ஒன்றைத் திணிப்பதால் நட்டமே.

மௌனத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். கேள்வி முடிந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். நான்கு வருமுன் திரையே விடை சொல்லிவிட்டால் அது கேள்வியே அல்ல, பேச்சு நடை. மூன்று வயதுக் குழந்தை கேள்வியைக் கேட்டு, தேடி, சொல்லைக் கோத்து, வாய்திறக்க அந்த நேரம் வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் பயம் உண்டு. நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரைக் கொண்டு 2011-இல் வெளியான சோதனையில், பரபரப்பான கார்ட்டூனை வெறும் 9 நிமிடம் பார்த்தவர்கள், அதே நேரம் வரைந்தவர்களையும் மெதுவான நிகழ்ச்சி பார்த்தவர்களையும் விட, பொறுத்திருத்தல், விதியை நினைவில் வைத்தல் போன்ற பணிகளில் உடனடியாகப் பின்தங்கினார்கள். அதே ஆய்வாளர்களின் பிந்தைய சோதனைகள், வெட்டி வெட்டிக் காட்டும் வேகத்தைவிட நடக்கவே முடியாத நிகழ்வுகள் அடுக்கடுக்காக வருவதே அதிகம் களைப்பூட்டுகிறது என்று காட்டின. அது சற்று நேரத்துக்கான விளைவுதான். ஆனாலும் பாடம் படிக்கவோ சாப்பிடவோ உட்காரும் முன் அத்தகைய கார்ட்டூனைப் போடாமல் இருப்பது நல்லது.

இதையெல்லாம்விடக் கவனிக்காமல் விடப்படுவது, யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான வினாடிவினா நிகழ்ச்சியை ஓடவிட்ட ஆய்வு 2008-இல் வந்தது. குழந்தைகள் அதை ஏறிட்டுப் பார்த்ததே குறைவு. ஆனால் ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் அறுந்தது, ஆழ்ந்த கவனம் சுருங்கியது. டிவி ஒலி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர் பேச்சு ஏறத்தாழ 770 சொல் குறைகிறது என்று 2009-இல் ஒலிப்பதிவுக் கருவி கொண்டு அளந்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கான செய்தியும் சீரியலும் குழந்தையின் திரைநேரக் கணக்கில் வருவதில்லை, வர வேண்டும்.

பக்கத்தில் உட்கார்பவர்

‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கி ஓராண்டில் நடந்த மதிப்பீடு, அதிகம் பார்த்த குழந்தைகள் எழுத்திலும் எண்ணிலும் அதிகம் முன்னேறியதாகச் சொன்னது. 1975-இல் தாமஸ் குக் குழுவினர் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து ஒரு குறையைச் சுட்டினார்கள்: ஆய்வுக்காகச் சில வீடுகளுக்கு ஆட்கள் போய்ப் பார்க்கச் சொல்லி ஊக்கப்படுத்தியிருந்தார்கள், முன்னேற்றத்தில் கணிசமான பங்கு அந்த ஊக்கத்துக்கு உரியது. நிகழ்ச்சிக்கு எதிராக வைக்கப்பட்ட இந்த வாதம், பெற்றோருக்கு வேறொன்றைச் சொல்கிறது. யாரோ ஒருவர் அக்கறை காட்டினால் அதே நிகழ்ச்சி கூடுதலாக வேலை செய்கிறது.

நிகழ்ச்சி தன்னளவில் பயனற்றது என்றும் இதற்குப் பொருள் இல்லை. அந்தக் காலத்தில் சில ஊர்களில் இது தெளிவாகக் கிடைத்த அலைவரிசையிலும், சில ஊர்களில் சரியாக எட்டாத அலைவரிசையிலும் ஒளிபரப்பானது. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற பொருளியலாளர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, நிகழ்ச்சி நன்றாகத் தெரிந்த பகுதிகளில் வளர்ந்த குழந்தைகள் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் இருந்தது அதிகம் என்று 2019-இல் வெளியிட்டார்கள். படிப்பை முடிப்பது, வேலை போன்ற நீண்டகாலப் பயன்களில் அவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. 15 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் (2013) மிதமான, ஆனால் உண்மையான பயன் தெரிந்தது.

பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு முறை இருக்கிறது. சும்மா கூட இருந்து கைப்பேசியைப் பார்த்தால் அது கணக்கில் சேராது. மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு, வீடியோவை இடையில் நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்கி, நான்கு வாரம் செய்யச் சொன்ன ஆய்வில், சாதாரணமாகக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட அந்தப் பெற்றோரின் குழந்தைகளுக்குச் சொல்வளமும் கதைப் புரிதலும் கூடின. முதல் தடவை நிறுத்தாமல் முழுதாகப் பார்க்கவிடுங்கள். இரண்டாம் தடவை பதினைந்து நிமிட எபிசோடில் மூன்று நான்கு இடத்தில் நிறுத்தினால் போதும். அதற்கு மேல் போனால் குழந்தை எரிச்சலடையும். ‘இது என்ன?’ என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், ‘ஏன் அழுகிறது?’, ‘இப்போது என்ன செய்யும்?’ என்று போங்கள். விடை வராவிட்டால் நீங்களே முழு வாக்கியமாகச் சொல்லி, குழந்தையைத் திருப்பிச் சொல்லவிடுங்கள். மூன்றாம் தடவையில் கதையைக் குழந்தை சொல்ல, நீங்கள் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, மூன்று நாள் கழித்துத் திரை இல்லாத இடத்தில் சோதியுங்கள். முயல் தாண்டிய ஓடையைப் பற்றிக் கேட்காதீர்கள், அது மனப்பாடமாக வந்துவிடும். மூன்று கரண்டியை எடுத்துவைத்து, ஐந்து பேர் சாப்பிட இன்னும் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். இன்னும் இரண்டு கரண்டி வருகிறது என்றால் அந்த எபிசோடு வேலை செய்துவிட்டது. முயல் மட்டும்தான் வருகிறது என்றால் அதே எபிசோடை இன்னொரு தடவை போடுங்கள். இம்முறை ஓடை வந்ததும் நிறுத்தி, ஐந்து பொத்தானைக் குழந்தையின் கையில் கொடுத்துத் தரையில் கல்லாக அடுக்கச் சொல்லுங்கள்.